அறுபதும் தொண்ணூறும்: பழனி மலை வட்டாரத்தில் பதிவுக் கேசட்டின் காலம்

பிடித்த பாடல்களைப் பல இடங்களிலிருந்து பொறுக்கியெடுத்து, ஒரே ஒலிநாடாவில் விரும்பிய வரிசையில் பதிந்து, தாமும் கேட்டு நண்பருக்கும் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 1970-களின் பிற்பகுதியில் வேர்விட்டது; 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடங்கிப்போனது. பழனி மலை வட்டாரத்தில் இந்த வழக்கம் இரண்டு தளங்களில் நடந்தது. மேலே கொடைக்கானலில், உறைவிடப் பள்ளி விடுதிகளிலும் வெளிநாட்டுப் பயணிகள் தங்கிய வீடுகளிலும், ராக் இசை கேசட் கேசட்டாகக் கைமாறியது. கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், பழனி, பெரியகுளம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில், 'ரெக்கார்டிங் சென்டர்' என்று பலகை மாட்டிய சிறு கடைகள் சினிமாப் பாட்டை வாடிக்கையாளர் கொடுத்த பட்டியல்படி பதிந்து தந்தன. கேட்ட இசை வேறு; நாடா ஒன்று, அதில் அடங்கும் நிமிடக் கணக்கும் ஒன்று. எந்தப் பாட்டு, எப்போது, எதற்குப் பின் எது என்பதை அதுவரை வானொலி நிலையமும் இசைத்தட்டு நிறுவனமும்தான் தீர்மானித்தன. அந்தத் தீர்மானம் கேட்பவர் கைக்கு வந்தது இந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான். தமிழ்நாட்டு இசை வரலாற்றில் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இந்தத் தேர்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அது பெரிய குறை.

கேசட்டுக்கு முன் பாடல்களை வரிசைப்படுத்தும் வேலை ஊர்ப்புறத்தில் மைக் செட்காரரிடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி, ஆம்பிளிஃபயர், இசைத்தட்டுப் பெட்டி மூன்றும் மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ வந்து இறங்கும். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதன் பிறகு பக்திப் பாட்டு சில, பொழுது ஏறியதும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாடல்கள், இரவு விருந்து முடிந்து ஊர் அடங்கும் நேரத்தில் மெல்லிய காதல் பாட்டு என்று நிகழ்ச்சியின் போக்கறிந்து தட்டு மாற்றுவார். கூட்டத்தின் மனநிலையைப் பார்த்து வரிசை அமைக்கும் அந்தத் திறமையே பின்னாளில் பதிவுக் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. மைக் செட் தொழிலிலிருந்தும் ரேடியோ ரிப்பேர் தொழிலிலிருந்தும் பதிவுக் கடைக்கு வந்தவர்கள் பலர்.

இன்னொரு முன்னோடி வானொலி. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருக்கினார். அந்த இடைவெளியில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தமிழ்நாடு முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்போலப் பழகின. நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் கேட்பவரின் பெயரைச் சொல்லி அவர் கேட்ட பாட்டைப் போட்டன. அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் படத்தின் பெயரையும் எழுதி அனுப்பும் பழக்கம் அங்கே பிறந்தது. பதிவுக் கடையில் நீட்டிய பட்டியல் இதன் அடுத்த படி. அகில இந்திய வானொலி 1957-இல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் இலங்கை வானொலியின் பிடி தளரப் பல ஆண்டுகள் ஆயின.

காம்பாக்ட் கேசட்டை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதலில் காட்டியது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளர் தலைமையில், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத் தொழிற்கூடத்தில் அது உருவானது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் 'அறுபது' கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடாவும், பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் 'தொண்ணூறு' கேசட்டில் 135 மீட்டர் நாடாவும் சுற்றியிருக்கும். தொழில்நுட்பத்தைப் பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தப் பிலிப்ஸ் இசைந்ததால், ஜப்பானிய நிறுவனங்கள் அதே அளவில் நாடாவும் கருவியும் செய்யத் தொடங்கின. உலகில் எங்கே பதிந்த கேசட்டும் எங்கேயும் ஓடும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. கொடைக்கானல் போன்ற ஊருக்கு இது மிக முக்கியம். பாங்காக்கில் பதிந்த நாடாவை அங்குள்ள விடுதி அறையில் எந்தத் தடையும் இல்லாமல் கேட்க முடிந்தது.

தமிழ்நாட்டுக்குக் கருவி வந்த வழி பெரும்பாலும் கடல் வழி. சிங்கப்பூர், மலேசியா, 1970-களில் வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் நேஷனல் பானசோனிக், சோனி, சான்யோ டேப் ரிக்கார்டர்கள் இருந்தன. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அமைந்த பர்மா பஜார் வெளிநாட்டு எம்ப்டி கேசட்டுக்குப் பேர்போன இடமானது. வானொலியும் டேப்பும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' வந்த பிறகு, வானொலியில் வரும் பாட்டை அப்படியே நாடாவில் பிடித்துக்கொள்ள முடிந்தது. வளைகுடாவில் இருந்த கணவருக்கும் ஊரில் இருந்த மனைவிக்கும் இடையே குரல் பதிந்த கேசட்டுகள் கடிதமாகப் போய் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் குரல் அப்படித்தான் மகனை எட்டியது. அந்தக் கேசட்டின் மிச்சப் பக்கத்தில் ஊர்ப் பாட்டு நாலைந்தையும் பதிந்து அனுப்புவார்கள். பாட்டுக் கேசட்டைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் குரல் கடிதத்தின் நெருக்கமும் இருக்கிறது.

இளையராஜா 'அன்னக்கிளி' (1976) வழியாக அறிமுகமானதும் கேசட் பரவியதும் ஏறக்குறைய ஒரே காலம். அவர் பிறந்த பண்ணைப்புரம் பழனி மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கை அடுத்து இருக்கிறது. 1980-களில் அவர் ஆண்டுக்குப் பல படங்களுக்கு இசையமைத்தார். ஒரு படத்தில் ஐந்து பாட்டு என்றால் கேட்பவருக்குப் பிடித்தது இரண்டோ மூன்றோ. அந்த இரண்டுக்காக முழுக் கேசட்டையும் வாங்க எல்லோரிடமும் பணம் இல்லை. பதிவுக் கடை அந்த இடத்தில்தான் காலூன்றியது.

கடை என்றால் பத்தடிக்குப் பத்தடி அறை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தட்டு சுழலும் டர்ன்டேபிள், இரண்டு மூன்று கேசட் டெக், பச்சையும் சிவப்பும் விளக்கு ஏறி இறங்கும் ஈக்வலைசர். வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்த ஸ்பீக்கர். கடையின் தரத்தை ஊர் அந்த ஸ்பீக்கரைக் கேட்டுத்தான் எடைபோட்டது. பாட்டுகளுக்கு வரிசை எண் போட்ட தடித்த நோட்டுகள் மேசையில் கிடக்கும்: படம் வாரியாக ஒன்று, பாடகர் வாரியாக ஒன்று. வாடிக்கையாளர் அதைப் புரட்டியோ, தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தோ, கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதுவார். எம்ப்டி கேசட்டைத் தாமே கொண்டுவரலாம், கடையிலும் வாங்கலாம். டிடிகே, சோனி, மேக்ஸெல் உயர்ந்தவை. மெல்ட்ராக் நம் கைக்கு எட்டியது. கூட்டம் அதிகமென்றால் நாலைந்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் இன்னும் தள்ளிப்போகும்.

பட்டியல் எழுதுவது தொழிலின் பாதி. நாடாவில் அடக்குவது மறுபாதி. தமிழ்ச் சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம். அறுபது கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு உறுதி, ஏழாவது அதன் நீளத்தைப் பொறுத்தது. தொண்ணூறில் பக்கத்துக்குப் பத்து. பத்தாவது பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோனால் அது கடைக்காரருக்கு இழுக்கு. அதனால் தட்டு உறையில் அச்சிட்ட நிமிடங்களைப் பார்த்து, நீளமானதை முதலிலும் குட்டையானதைக் கடைசியிலுமாக மாற்றி அடுக்குவார். அப்படியும் ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் படத்தின் டைட்டில் இசையோ புல்லாங்குழல் துண்டோ வைத்து நிரப்புவார். தேர்ந்த கடைக்காரர் வாடிக்கையாளரின் பட்டியலை அப்படியே பின்பற்றமாட்டார். இரண்டு சோகப் பாட்டு அடுத்தடுத்து வந்தால் நடுவே ஒன்றை நகர்த்துவார். ஒரே ராகச் சாயலில் மூன்று வந்தால் பிரித்து வைப்பார். அளவு பார்த்துத் தொகுப்பது தமிழுக்கு மிகப் பழைய வேலை. மூன்று முதல் ஆறு அடிவரை ஐங்குறுநூறு, நான்கு முதல் எட்டுவரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டுவரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்றுவரை அகநானூறு என்று எட்டுத்தொகையின் அகநூல்கள் அடிக்கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று பெயர்களும் காக்கப்பட்டன. பாடியவரோடு தொகுத்தவரையும் நினைவில் வைத்த மரபு அது. பதிவுக் கேசட்டில் தொகுத்தவர் பெயர் பெரும்பாலும் கடையின் முத்திரையோடு நின்றுவிட்டது.

பதியும் வேலையில் கைப்பக்குவம் நிறைய. கேசட்டின் தொடக்கத்தில் காந்தப்பூச்சு இல்லாத சில நொடி நாடா உண்டு. ஆறு பட்டைப் பென்சிலைப் பல் சக்கரத்தில் நுழைத்து அதைச் சுற்றிக் கடத்திவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பாட்டின் முன்னிசை விழுங்கப்பட்டுவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே மூன்று நான்கு நொடி அமைதி விடுவதற்காக 'பாஸ்' பொத்தானில் விரல் காத்திருக்கும். ஒலிமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஓசை கரகரக்கும். மிகத் தாழ்ந்தால் நாடாவின் இரைச்சல் மேலெழும். பழைய தட்டிலிருந்து எடுத்த டி.எம்.எஸ். பாட்டும் புதிய தட்டிலிருந்து எடுத்த எஸ்.பி.பி. பாட்டும் ஒரே உரத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் நல்ல பதிவின் சோதனை. வேலை முடிந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் ஸ்குரூடிரைவரால் ஒடித்துவிடுவார்கள். அதன்பின் தவறுதலாக மேலே பதிய முடியாது. மனம் மாறி வேறு பாட்டுப் பதிய நினைத்தவர்கள் அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினார்கள். 120 நிமிடக் கேசட்டைக் கடைக்காரர்கள் விரும்பவில்லை. அதன் நாடா அறுபதின் நாடாவில் பாதி கனம்தான். ரோலரில் சிக்கிச் சுருண்டுவிடும்.

கொடைக்கானலின் கதை வேறு வேரிலிருந்து வருகிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-இல் ஏரியை அமைத்தார். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் ஹைகிளர்க் என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. 1914 வாக்கில் வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை வருமுன், பெரியகுளம் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும்தான் மலையேற வேண்டும். அந்தக் காலத்திலேயே தேவாலயப் பாடகர் குழுவும் பியானோவும் மலையில் இருந்தன. ஆகவே மேற்கத்திய இசைக்கு கொடைக்கானலில் நூறாண்டைக் கடந்த பழக்கம் உண்டு. ஹைகிளர்க் பள்ளி 1970-களில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக மாறி, 1976-இல் பன்னாட்டு பாக்கலொரியா பாடத்திட்டத்தை ஏற்றது. இந்தியாவில் அதை முதலில் ஏற்ற பள்ளி அதுவே. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கிப் படித்தார்கள். அதே பத்தாண்டில் ஹிப்பிகளும் கொடைக்கானலைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் கிதாரையும் கேசட்டையும் சுமந்து வந்தார்கள். பின்னாளில் இஸ்ரேலிய இளைஞர்கள் அருகிலுள்ள வட்டக்கானலில் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

ராக் இசை இந்தியாவில் கிடைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்கத்தாவுக்கு அருகே டம் டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி பீட்டில்ஸ் தட்டுகளை அச்சிட்டது. பாலிடார் இருந்தது, சிபிஎஸ் 1982-இல் இந்தியாவுக்கு வந்தது. சிகரெட் நிறுவனம் ஒன்று நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் பாடிய இந்தியக் குழுக்களின் தொகுப்புத் தட்டுகள் 1970-லும் 1971-லும் வெளியாயின. கல்கத்தாவின் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன்' இதழ் 1967 முதல் 1977 வரை இளைஞர் இசைக்கு இடம் கொடுத்தது. ஆனால் நிறுவனங்கள் வெளியிட்டவை விற்கும் என்று நம்பியவை மட்டுமே. ஆப்பா, போனி எம் கிடைத்த அளவுக்கு கிங் கிரிம்சனோ வெல்வெட் அண்டர்கிரவுண்டோ கிடைக்கவில்லை. ஹெவி மெட்டல், பங்க் போன்றவை 1990-கள்வரை இந்தியக் கடைகளுக்கு அரிதாகவே வந்தன. ஆகவே மலையில் ராக் கேட்டவருக்குப் பதிவுக் கேசட் ஆடம்பரமன்று, அதுதான் வழி. விடுமுறைக்கு வெளிநாடு போய்த் திரும்பும் மாணவரின் பெட்டியில் வந்த ஒரு தட்டோ கேசட்டோ ஒரு பருவம் முடிவதற்குள் விடுதி முழுக்கப் படியெடுக்கப்பட்டது.

ராக்கின் நீளக் கணக்கு சினிமாப் பாட்டின் கணக்கன்று. பீட்டில்ஸின் தொடக்ககாலப் பாடல்கள் இரண்டரை நிமிடத்தில் முடியும். லெட் ஸெப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) எட்டு நிமிடம். டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' (1970) பத்து நிமிடத்துக்கும் மேல். பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' (1971) இருபத்துமூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடி, தட்டின் ஒரு முகத்தையே எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) முழுவதும் ஏறத்தாழ 43 நிமிடம். தொண்ணூறு கேசட்டின் ஒரு பக்கத்தில் அது சரியாக உட்காரும். இதனால் ராக் ரசிகரிடையே தொண்ணூறு கேசட்டுக்குத்தான் மதிப்பு: இரு பக்கத்துக்கு இரு முழு ஆல்பம், மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு குட்டிப் பாட்டு. ஆல்பத்தை அப்படியே எடுப்பது ஒரு வகை. பல குழுக்களைக் கலந்து பதிவது இன்னொரு வகை. அதற்குத்தான் கூடுதல் துணிச்சல் தேவைப்பட்டது. 'எக்கோஸ்' போன்ற ஒன்றைச் சேர்த்தால் அந்தப் பக்கத்தில் பாதி போய்விடும். அந்த இடத்தில் எட்டு பீட்டில்ஸ் பாட்டு வைத்திருக்கலாம். எதை விடுவது என்ற முடிவில்தான் பதிபவரின் ரசனை வெளிப்பட்டது.

இந்தக் கலவைகள் ஒரு வகைக்குள் அடங்காமல் இருந்ததற்குக் காரணம் மூலங்களே. ஒரே கேசட்டில் அமெரிக்க நாட்டுப்புறக் கிதார், ஆங்கில ஹார்ட் ராக், பாப் மார்லியின் ரெகே, சிற்றலையில் பிடித்த பிபிசி நிகழ்ச்சியின் துண்டு ஆகியவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது கையில் வந்ததோ அதிலிருந்துதானே தேர்ந்தெடுக்க முடியும்? பெருநகரத்தில் ஒரே வகை இசையைத் தேடித் தேடிச் சேர்க்கலாம். மலையூரில் அது முடியாது. அந்தக் கட்டாயம் கேட்பவரின் காதை விரித்தது. கேரளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து படித்த பிள்ளைகளின் நாடாக்களில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) தொகுப்பு ராக்கோடு இணைந்து நின்றது இயல்பே. பாக்கையும் தியாகராஜரையும் ஒரே மேடையில் வைத்த அந்தத் தொகுப்பை, கலந்து கேட்டுப் பழகிய காதுகள் வேற்றுமை பாராமல் ஏற்றன.

படியெடுப்பதில் ஓர் இழப்பு உண்டு. நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், மேல் சுருதி ஓசைகள் மழுங்கும். நாலாவது படியில் தாளத்தட்டின் ஒலி மூடுபனிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல ஆகிவிடும். டால்பி இரைச்சல் குறைப்பு இருந்த டெக்கில் பதிந்ததை அது இல்லாத டூ-இன்-ஒன்னில் போட்டால் ஓசை கூச்சமாக இருக்கும். ஒரு கருவியின் ஹெட் நேராக இல்லாவிட்டால் அதில் பதிந்த கேசட் வேறு கருவியில் மந்தமாகக் கேட்கும். சின்ன ஸ்குரூடிரைவரால் ஹெட்டைத் திருகி, ஓசை தெளியும் இடத்தில் நிறுத்துவது எல்லா ரசிகருக்கும் தெரிந்த வித்தை. ஆகவே முதல் படி யாரிடம் இருக்கிறது என்பது பெருமைக்குரிய செய்தி. அட்டையில் பாட்டு, குழு, ஆண்டு, மூலம் தட்டா நாடாவா என்றெல்லாம் பொடி எழுத்தில் எழுதுவார்கள். கடையில் பதிந்த சினிமாக் கேசட்டின் அட்டையிலும் படத்தின் பெயர், பாடியவர் பெயர் என்று இதே ஒழுங்கு உண்டு. இந்தக் கையெழுத்து அட்டைகளைவிட நம்பகமான ரசனை ஆவணம் அந்தக் காலத்துக்கு இல்லை.

மலையின் தட்பவெப்பமும் வசதிக் குறைவும் கேசட்டைச் சோதித்தன. மின்சாரம் எட்டாத, எட்டியும் நிலையாக இல்லாத மலைக் கிராமங்களில் டேப் ரிக்கார்டர் பேட்டரிக் கட்டையில்தான் ஓடியது. கட்டை தளரத் தளரப் பாட்டின் வேகம் குறைந்து பாடகர் குரல் கனத்துப்போகும். கட்டையை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாடாவின்மேல் வெள்ளைப் பூஞ்சை படரும். கேசட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ எரியும் குண்டு பல்பின் அருகிலோ வைத்துக் காத்தார்கள்.

மலைச்சாலைப் பயணமே கேசட்டுக்கு ஒரு பெரிய களம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வளைந்தேறும் மூன்று மணி நேரத்தில் தொண்ணூறு கேசட் இரண்டு முறை முழுதாக ஓடிவிடும். திண்டுக்கல், மதுரை வட்டாரத் தனியார் பேருந்துகள் பாட்டுக்குப் பேர்போனவை. எந்த வண்டியில் நல்ல செட் என்று பார்த்து ஏறிய பயணிகள் உண்டு. சுற்றுலா வேன் ஓட்டுநர்கள் டூருக்கென்றே தனிக் கேசட் பதிந்து வைத்திருந்தார்கள். புறப்படும்போது முருகன் பாட்டு, ஏற்றத்தில் துள்ளல் பாட்டு, இரவு இறக்கத்தில் தூக்கத்தை விரட்டும் பாட்டு. மைக் செட்காரரின் பழைய வரிசை இங்கே சக்கரத்தில் ஏறியது. பழனி அடிவாரக் கடைகளிலோ வியாபாரம் வேறு: டி.எம்.எஸ்., சூலமங்கலம் சகோதரிகள், பெங்களூர் ரமணி அம்மாள், பித்துக்குளி முருகதாஸ் என்று கம்பெனி கேசட்டுகளே குவிந்திருந்தன. பக்திப் பாட்டில் பட்டியல் போட்டுப் பதிந்தவர்கள் குறைவு. அங்கே தொகுப்பு முன்பே தயாராக இருந்தது.

நிறுவனங்கள் இந்த வழக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1980-களின் தொடக்கத்தில் வீட்டுப் பதிவுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தியது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை வந்தது. ஒலிப்பதிவின் உறையில் உரிமையாளர் பெயரையும் ஆண்டையும் அச்சிடுவதும் கட்டாயமானது. சட்டத்தின் கண்ணில் பதிவுக் கடைகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாதவை. காவல்துறைச் சோதனை வரும் என்ற செய்தி பரவினால் பட்டியல் நோட்டு உள்ளே போய்விடும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அந்தப் பதிவிலிருந்து ஒரு காசும் போகவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. அதே கடைகள்தான் நிறுவனங்கள் கைவிட்ட 1950-களின் பாடல்களை ஊர் ஊராக உயிரோடு வைத்திருந்தன என்பதும் உண்மை. குல்ஷன் குமார் 1983-இல் தொடங்கிய டி-சீரிஸ் கேசட் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கிய பிறகு, எம்ப்டி கேசட்டுக்கும் கம்பெனி கேசட்டுக்கும் இடையே இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. தமிழில் நிறுவனங்கள் பதிவுக் கடையின் வழியையே பின்பற்றின. 'எஸ்.பி.பி. ஹிட்ஸ்', 'காதல் பாடல்கள்', 'சோகப் பாடல்கள்', 'தத்துவப் பாடல்கள்' என்ற தலைப்புகளில் வந்த தொகுப்புக் கேசட்டுகளின் வடிவம் வாடிக்கையாளரின் பட்டியலில் ஏற்கெனவே இருந்ததுதான்.

1990-களில் மலையிலிருந்தே ஒரு புதிய ஊற்று பிறந்தது. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் ஆற்றலில் ஒலிபரப்பத் தொடங்கியது. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வது; கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான மலையில் நிற்கும் கோபுரத்துக்கு அடிவானமே 160 கிலோமீட்டருக்குக் குறையாது. மதுரை, திருச்சி, கோவை, விருதுநகர் என்று பல மாவட்டங்கள் இரைச்சல் இல்லாத ஸ்டீரியோ ஓசையில் பாட்டுக் கேட்டன. சிற்றலையின் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய காதுக்கு இது புது அனுபவம். டூ-இன்-ஒன் வைத்திருந்தவர்கள் எம்ப்டி கேசட்டைப் போட்டு, பதிவுப் பொத்தானையும் பாஸையும் சேர்த்து அழுத்தி, அறிவிப்பாளர் பேச்சு முடியும் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்சம் முந்தினால் பேச்சும் பதியும், பிந்தினால் முன்னிசை போய்விடும். ஊர்க் கடையின் துணையில்லாமலே வீட்டுக்கு வீடு தொகுப்புகள் உருவாயின. 1991-இல் செயற்கைக்கோள் வழியே எம்டிவி வந்தது. 1993-இல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளிவந்தது. மேக்னாசவுண்ட் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு ஆல்பங்களை இந்தியக் கேசட்டாகவே விற்றன. விடுதியில் படியெடுக்க வேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்தது.

சிடி பதிவுக் கடையைக் கொல்லவில்லை. அதன் கருவியை மாற்றியது. 2000-ஐ ஒட்டிக் கணினி வைத்த கடைகளில் எம்பி3 சிடி பதிந்து கொடுத்தார்கள். 700 மெகாபைட் வட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற இடநெருக்கடி அதோடு மறைந்தது. நெருக்கடி போனதும் வரிசையும் போனது. இளையராஜா முழுத் தொகுப்பு, ரஹ்மான் முழுத் தொகுப்பு என்று மொத்தமாக வாங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் செல்போன் கடைகள் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றிக் கொடுத்தன. இன்று கொடைக்கானல் வேன்களில் பாட்டு ஓட்டுநரின் பென் டிரைவிலிருந்தோ பயணியின் கைபேசியிலிருந்தோ வருகிறது. பாட்டுப் பட்டியலைப் பகிரும் வழக்கம் இணையச் செயலிகளில் தொடர்கிறது. ஆனால் அதில் பக்கம் இல்லை, பக்கத்தின் முடிவும் இல்லை.

கேசட் காலத்துப் பாடல் ஒன்று அண்மையில் இதே மலையிலிருந்து மறுபடி எழுந்தது. 1991-இல் வெளியான 'குணா' படத்தின் காட்சிகள் கொடைக்கானலின் 'டெவில்ஸ் கிச்சன்' குகைப் பகுதியில் எடுக்கப்பட்டன. அந்த இடம் குணா குகை என்றே பெயர் பெற்றது. கடிதம் சொல்லி எழுதும் அந்தப் படப் பாட்டு பதிவுக் கடைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெற்றது. 2006-இல் எர்ணாகுளம் பக்கமிருந்து சுற்றுலா வந்த நண்பர் குழுவில் ஒருவர் குகைப் பிளவில் விழுந்து மீட்கப்பட்ட நிகழ்வை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் கதையாக்கியது. அதில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, கேசட்டையே பார்த்திராத தலைமுறையும் அதைத் தேடிக் கேட்டது.

மிஞ்சிய பதிவுக் கேசட்டுகளைச் சேகரிப்பவர்கள் இப்போது அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றுகிறார்கள். பூஞ்சை பிடித்த நாடாவை உலர வைத்து, ஓடு உடைந்திருந்தால் வேறு ஓட்டுக்கு மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு தடவைக்கு மேல் ஓட்டாமல் பதிவெடுக்கிறார்கள். பாட்டுகள் பெரும்பாலும் இணையத்தில் நல்ல தரத்திலேயே கிடைக்கின்றன. அதனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர் பாட்டு பாட்டாக வெட்டுவதில்லை. பக்கத்தை முழுதாக, இடையில் விழுந்த அறிவிப்பாளர் குரலோடும் அறுந்த பத்தாவது பாட்டோடும் ஒரே கோப்பாக வைத்து, அட்டையின் இருபுறத்தையும் படம் எடுத்து அதனுடன் சேர்க்கிறார்.